பச்சை உடம்பு

விச்சிட்டாவில் நாங்கள் விமானம் செய்வதில்லை.
உடம்பை மட்டும் செய்கிறோம்.
சிறகு கிடையாது, வால் கிடையாது, சக்கரம் கிடையாது.
அரிப்புத் தாங்கப் பூசிய பச்சையோடு
சரக்கு ரயிலில் படுத்தபடி
எட்டு நாள் மேற்கே போகும்.
வழியில், மான்டானா மலைகளில்,
பொழுது போகாத எவனாவது சுட்டுப் பார்ப்பான்.
குண்டு போட்ட ஓட்டை உடனே தெரியும்,
ஒட்டுப் போட்டுவிடுவார்கள்.
நாங்கள் போட்ட ஓட்டைகளைத்தான்
யாரும் பார்ப்பதில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு,
காற்றுப் படக்கூடாது என்பார்கள்.
இதற்கும் அப்படித்தான்.
முப்பத்தாறாயிரம் அடியில்
உள்காற்று வெளியே போகக்கூடாது.
அதைப் பிடித்துவைக்க
வாலுக்கு முன்னால் ஒரு பெரிய கிண்ணம்.
கிண்ணத்தின் விளிம்பெல்லாம் துளைகள்.
ஒவ்வொன்றும் வட்டமாக இருக்க வேண்டும்.
அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
முத்திரை எண் 2217, லவர்ன் ஹஸ்கின்ஸ்.

போட்டிக் கம்பெனி புது விமானம் காட்டிய வாரமே
எங்கள் தலைமையகம்
பழைய வரைபடத்தை இழுத்து நீட்டி
எம்-90 என்று பெயர் வைத்தது.
உடம்பை நீட்டினார்கள்.
இன்ஜினைப் பெரிதாக்கினார்கள்.
மாதம் இருபத்தொன்று என்றிருந்ததை முப்பத்தெட்டாக்கினார்கள்.
மாதத்தை மட்டும் நீட்ட முடியவில்லை.

அந்தச் செவ்வாய் துளைபோடும் இயந்திரம் படுத்துவிட்டது.
பவுன்மி கையால் போட்டான்.
லாவோஸிலிருந்து மூன்று வயதில் வந்தவன்,
எங்கள் தளத்திலேயே நிதானமான கை.
பதினாறாவது மணி நேரத்தில்
எந்தக் கைக்கும் நிதானம் இருக்காது.
வட்டம் கொஞ்சம் முட்டையாகிவிட்டது.
கொஞ்சம் என்றால் ஒரு தலைமுடி.
விரலை விட்டுப் பார்த்தால் தெரியாது,
அளவுமானி சொல்லிவிட்டது.
நாற்பத்தொரு துளைகள்.

சிவப்புச் சீட்டு எழுதி ஒட்டினேன்.
சாப்பிடப் போய்
அரை சாண்ட்விச்சோடு திரும்பினால்
சீட்டு இல்லை.
பசை இருந்தது.

க்ரெப்ஸ் கெட்டவர் இல்லை.
என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம்
வாரம் தவறாமல் என் வீட்டுப் புல்லை வெட்டியவர்.
"லவர்ன், ரயில் ஏழு மணிக்கு."
துளை முட்டையாக இருக்கிறது.
"ரயில் ஏழு மணிக்கு."

நான் முத்திரை குத்தவில்லை.
வேறொரு முத்திரை குத்தியது.
ஏழு மணிக்கு ரயில் போயிற்று.
திங்கட்கிழமை முதல்
கருவி அறையில் கையுறை எண்ணச் சொன்னார்கள்.
இடதுகை உறைகள் எப்போதும் மிஞ்சும்,
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

வழக்கறிஞர் ஒருத்தி கேட்டாள்:
"ஏதாவது நடந்ததா?"
இல்லை.
"நடந்தால் கூப்பிடுங்கள்."

ஒன்பது வருடம்.
அதன் வாலெண் எனக்கு மனப்பாடம்,
என் மகளின் போன் நம்பர் அப்படியில்லை.
முதலில் லிமாவில் இருந்தது.
கைமாறி, நிறம் மாறி, இப்போது நைரோபியில்.
ஒவ்வொரு ராத்திரியும் போனில் பார்க்கிறேன்:
மஞ்சளாக ஒரு குட்டி விமானம்
வரைபடத்தில் எறும்பாக ஊரும்.
இறங்கிவிட்டது.
இறங்கிவிட்டது.
மறுபடி ஏறியிருக்கிறது.

நான் சொன்னது சரியென்று நிரூபிக்க
நூற்றெழுபது பேர் வேண்டும்.
கடவுளே, நான் தப்பாகவே இருந்துவிடுகிறேன்.
கிறுக்கி, வயிற்றெரிச்சல்காரி,
தளத்தில் என்னைச் சொன்னதெல்லாம் இருந்துவிடுகிறேன்.
(சில ராத்திரி, பொய் சொல்லமாட்டேன்,
வேறு மாதிரியும் நினைத்ததுண்டு.
உடனே எழுந்து விளக்கைப் போட்டுவிடுவேன்.)

இன்று மஸ்கட் போகிறது.
கடல்மேல் ஓரிடத்தில் மஞ்சள் மறைந்துபோகும்,
அங்கே கேட்கிற கோபுரம் கிடையாது,
தினமும் அப்படித்தான், எனக்குத் தெரியும்.
இருபத்தாறு நிமிடம்.
வெளியே தகரக்கூரையில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.
முப்பது.
முப்பத்திரண்டில் தெரிந்தது,
ஓமான் கரைக்குக் கொஞ்சம் முன்னால்.

எழுந்துபோய்த் தட்டைக் கழுவினேன்.
காலையில் தின்ற முட்டை
காய்ந்து ஒட்டியிருந்தது,
நகத்தால் சுரண்டியும் வரவில்லை.